பளபளக்கும் விமானமும் நினைவுள்ள விமானமும்

சடையங்குப்பத்திலிருந்து நம் வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மிடம் ஒரு யோசனை கேட்டார். வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் மென்பொருள் அவரிடம் இருந்தது. அதனோடு சேர்ந்து வரும் விமானங்கள் போதாமல், தனியே விலை கொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் சிறு விமானம் ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார். ஆட்-ஆன் என்பது இவ்வட்டாரத்தில் அதற்கு வழங்கும் பெயர். எதை வாங்கலாம் என்பது கேள்வி. தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவரிடம் கேட்கும் கேள்வியா இது என்று வாசகர் நினைக்கலாம். நாம் இந்தப் பொழுதுபோக்கில் சிக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பது துறையில் எல்லோரும் அறிந்த இரகசியம். திருத்த வேண்டிய விடைத்தாள்கள் மேசைமேல் கிடக்க, நாம் பத்தாயிரம் அடி உயரத்தில் இருந்த இரவுகள் உண்டு.

அவர் கையில் இருந்தது நான்காயிரம் ரூபாய். மணலிப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவு நேரத்தில் கணக்கெழுதிச் சேர்த்த பணம். அந்தப் பணத்துக்குரிய மரியாதையை நாம் காட்டவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இணையத்தில் படங்களைப் பார்த்தோம். இறக்கையின் ரிவெட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. இருக்கையின் தோலில் வெடிப்பு, கதவுப் பிடியில் தேய்மானம், முன்கண்ணாடியில் பூச்சி மோதிய கறை. "இதையே வாங்கலாம்" என்று சொல்லிவிட்டோம். அவரும் வாங்கிவிட்டார். அந்த விமானத்தின் பெயரோ செய்து விற்றவர்களின் பெயரோ இங்கு வேண்டாம். படத்தைப் பார்த்துப் பெண் முடிவு செய்ததுபோல் முடிவு செய்தவர் நாம்.

மூன்று வாரம் கழித்து, "ஐயா, ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, ஒன்னு காட்டணும்" என்று அழைத்தார். திருவொற்றியூரிலிருந்து மணலி புதுநகர் போய், அங்கிருந்து உள்ளே திரும்ப வேண்டும். கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை நெருங்கும் தாழ்ந்த நிலம். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. ஆனால் பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீரைத் திறந்துவிடும் ஆண்டுகளில், இது மாநகரம் என்பதை ஆறு ஒப்புக்கொள்வதில்லை. மாணவர் வீட்டில் கணினி மேசைமேல் இல்லை. சுவரில் மார்பளவு உயரத்தில் அடித்த பலகைமேல் இருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே, சுண்ணாம்பின் மேல், 2021 நவம்பர் வெள்ளம் விட்டுச்சென்ற பழுப்புக் கோடு. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினி அது. அவர் நின்றுகொண்டேதான் விமானம் ஓட்டுகிறார்.

அவர் காட்டியது இதுதான். எஞ்சினை இயக்கி, பிரேக்கை அழுத்திப் பிடித்து, திராட்டிலை முழுதாகத் திறந்து, அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நாமும் போனோம். அரைமணி கழித்து வந்து பார்த்தால் எண்ணெயின் வெப்பமுள் பச்சைப் பட்டைக்குள் சாதுவாக நிற்கிறது. பின்னர் எழும்பி, மூக்கைக் கீழே குத்தி, மீறக்கூடாது என்று சிவப்புக் கோடிட்ட வேகத்தையும் தாண்டி இறங்கினார். தரையில் மூன்று முறை குதித்து நின்றார். அணைத்துவிட்டு மீண்டும் திறந்தார். கடையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல் பளபளவென்று நின்றது விமானம். "பொம்மை ஐயா" என்றார். குரலில் குறை இல்லை. அதுதான் நம்மை மிகவும் வருத்தியது.

இலக்கியத்தில் நமக்கு நன்கு பழக்கமான நோய் இது. யதார்த்தம் என்ற பெயரில் அரிக்கேன் விளக்கின் புகைபடிந்த கண்ணாடி முதல் புடவைக் கரையின் நூல்வரை பட்டியலிட்டுக்கொண்டு போகும் நாவல்களை நாம் படித்திருக்கிறோம். வீட்டுச் சாமான் ஒன்றும் விடுபடாது. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் வாங்கிய கடன் ஏழாம் அத்தியாயத்தில் யாருக்கும் நினைவிருக்காது. அவமானப்பட்டவன் மறுநாள் காலை எதுவும் நடவாததுபோல் பல் துலக்குவான். பொருள்கள் அத்தனையும் மெய்யாக இருக்க, விளைவுகள் மட்டும் பொய்யாக இருக்கும். அப்படிப்பட்ட நாவலை இரண்டே பக்கத்தில் கண்டுபிடித்து ஓரமாக வைக்கத் தெரிந்த நாம், ஒரு விமானத்தை வாங்கச் சொல்லும்போது ரிவெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். சிமுலேட்டர் விமானத்தில் மெய்ம்மை என்பது தோற்றத்தில் இல்லை. செய்ததற்கு விளைவு இருப்பதில்தான் இருக்கிறது என்பது இப்போது நம் கட்சி.

நம் இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற சிறு விமானத்தையே எடுத்துக்கொள்வோம். சீவகசிந்தாமணியின் மயிற்பொறி. விசையை வலப்பக்கம் திருகினால் எழும்பும். இடப்பக்கம் திருகினால் இறங்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு. இன்றைய கணக்கில் இது சிறுவர் விளையாட்டு விமானம்தான். ஆனால் திருத்தக்கதேவர் அதை ஓர் அலங்காரமாக வைத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விசயை அதில் ஏற முன்னதாகவே பழகிக்கொள்கிறாள். பின்னர் ஒரே ஒரு முறை உயிர் தப்பப் பறக்கிறாள். அது அவளை அரண்மனைத் தோட்டத்தில் இறக்குவதில்லை, சுடுகாட்டில் இறக்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். பறந்ததற்கு ஒரு விளைவு, அதன்மேல் ஒரு காப்பியம். (புறநானூற்றின் ஓட்டுநர் இல்லாத வான ஊர்தியை மேடைதோறும் விமானத் தொழில்நுட்பத்துக்குச் சான்றாகக் காட்டும் பேராசிரியர்களோடு நமக்கு வேறொரு வழக்கு உண்டு. அது இன்னொரு நாள்.)

சிமுலேட்டர்களின் வரலாறு தோற்றத்தை நோக்கியே ஓடியிருக்கிறது. புரூஸ் ஆர்ட்விக் என்பவர் 1975-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் இப்பொருள் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதினார். சில ஆண்டுகளில் ஆப்பிள் 2 கணினிக்கு அவர் செய்த சிமுலேட்டரில் நிலம் என்பது நாலைந்து கோடுகள். மலை என்பது ஒரு முக்கோணம். 1982-இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் அது ஐபிஎம் கணினிக்கு வந்தது. 2020-இல் வந்த அதன் வாரிசு உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படங்களால் போர்த்திவிட்டது. நிறுவ நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்டது. 2024-இல் அதற்கும் அடுத்தது வந்தாயிற்று. இந்த நாற்பது சொச்ச ஆண்டுகளில் மேகம் மேகமாகிவிட்டது, கடல் கடலாகிவிட்டது. எஞ்சின் எஞ்சினாகியிருக்கிறதா என்ற கேள்வியை மட்டும் விளம்பரப் படங்கள் கேட்பதில்லை. படத்தில் அதைக் காட்ட முடியாது என்பதே காரணம்.

ஏன் சிறு விமானம் என்றும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிய பயணி விமானத்தை ஓட்டுகிறவர் பெரும்பாலும் ஒரு கணினிக்குக் கட்டளையிடுகிறார். சிறு விமானத்தில் கம்பியும் கப்பியும் இறக்கையின் பலகையை நேரே இழுக்கின்றன. செய்த பிழை உடனே உடம்புக்குத் தெரிகிறது. சென்னைக்கு வான்வழித் தபால் முதலில் வந்ததும் சிறு விமானத்தில்தான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இருவரும் ஓட்டியது ஒற்றை எஞ்சின் பஸ் மாத் விமானம். வானொலி கிடையாது. எஞ்சினின் ஓசையைக் காதால் கேட்டு அதன் உடல்நிலையை அறிய வேண்டியிருந்தது. நாம் தேடுவது அந்தக் காதுக்கு வேலை வைக்கும் விமானம்.

மாணவரின் நான்காயிரம் போன பிறகு, நமக்கு நாமே ஒரு பரிகாரம் விதித்துக்கொண்டு, விமானங்களைச் சோதிக்கத் தொடங்கினோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்படும் மதிப்புரைகள் ஆல்ப்ஸ் மலையிலும் அலாஸ்காவிலும் பறந்து பார்த்து எழுதப்படுகின்றன. நமக்கு வேண்டியது மீனம்பாக்கத்தின் மே மாதம்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெயில் ஏறினால் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் இறக்கைக்குத் தூக்கும் வலு குறைவு, சுழலிக்குப் பிடிப்பு குறைவு, எஞ்சினுக்கு மூச்சும் குறைவு. விமானக் கணக்கில் கடல்மட்டத்தின் இயல்பு வெப்பம் 15 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி உயரத்தில் இருப்பதாக விமானம் எண்ணிக்கொள்கிறது. மே மாத மதியம் 40 டிகிரி என்றால் 3,000 அடி ஆயிற்று. மீனம்பாக்கம் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து ஐம்பது அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கத்திரி வெயிலில் அங்கே நிற்கும் விமானம் தான் ஓசூரில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு அளவுகோல் இருக்கிறது. இந்தியப் பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் தலைமுறைகளைக் கற்பித்த செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கை விமானத்தின் கையேட்டை எடுத்துக்கொள்வோம். முழு எடையான 757 கிலோவோடு, காற்றில்லாத கடல்மட்ட ஓடுபாதையில், குறுகிய ஓட்டத்துக்கான முறைப்படி ஓடினால், 0 டிகிரியில் 640 அடியில் சக்கரம் தரையை விடும். 40 டிகிரியில் அதற்கு 875 அடி வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். எழும்பிய பிறகு நிமிடத்துக்கு 765 அடி ஏறியது 630 அடியாகக் குறைகிறது. சிமுலேட்டரில் வெப்பத்தையும் காற்றையும் நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். ஓடுபாதையின் ஓர விளக்குகள் 60 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அவையே நமக்கு முழக்கோல். குளிரில் மூன்று விளக்கு தாண்டியதும் எழும்ப வேண்டும், வெயிலில் நான்கரை. எந்த விமானமானாலும் அதற்கொரு கையேடு உண்டு, அதில் இப்படி ஓர் அட்டவணையும் உண்டு. விலை கொடுக்கும் முன் விற்பவரின் விளக்கத்தில் அந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்த பேச்சு இருக்கிறதா என்று தேட வேண்டும். நாம் பரிந்துரைத்த அழகனிடம் வேறுபாடு இருந்தது. அதன் கையேடு சொன்னதில் பாதிகூட இல்லை. அவனுக்குச் சென்னையும் சுவிட்சர்லாந்தும் ஒன்றுதான்.

வெயிலைவிட நம்மை வசீகரித்தது இன்னொன்று. சென்னைக்கு மேல் எஞ்சினுக்குள் ஐஸ் உறையும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

நடப்பது இதுதான். இச்சிறு விமானங்கள் பலவற்றில் கார்புரேட்டர் உண்டு. அதன் ஒடுங்கிய கழுத்தில் காற்று விரைந்து செல்லும்போது அழுத்தம் குறைகிறது. அங்கேயே எரிபொருளும் ஆவியாகிறது. இரண்டும் வெப்பத்தை உறிஞ்சுகின்றன. காற்று அந்த இடத்தில் இருபது டிகிரிக்கு மேலும் குளிர்ந்துவிடக்கூடும். வெளியே 24 டிகிரி, வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரம் பிசுபிசுக்கும் காற்று. உள்ளே அந்த ஈரம் உறைந்து கழுத்தை அடைக்கிறது. ஐரோப்பியக் கடுங்குளிரில் இந்த ஆபத்து குறைவு. அங்கே காற்றில் ஈரமே இராது. எண்ணூரின் கார்த்திகை மாதம்தான் இதற்கு ஏற்ற காலம். அதிலும் இறங்குவதற்காகத் திராட்டிலைக் குறைக்கும்போது அடைப்பு விரைந்து வளரும். சுற்றுக் கணக்கு சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். எஞ்சின் தொண்டை கட்டியதுபோல் கமறும்.

மருந்து, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் ஒரு குமிழ். அதை இழுத்தவுடன் நிலைமை மேலும் மோசமாகும். சூடான மெலிந்த காற்றாலும் உருகி உள்ளே போகும் நீராலும் எஞ்சின் இன்னும் தடுமாறும். அஞ்சிக் குமிழைத் திரும்ப அமுக்கியவர் கெட்டார். பொறுத்திருந்தால் ஐஸ் உருகி, சுற்று மெல்ல ஏறிவரும். நோயும் உண்மை, மருந்து தரும் வேதனையும் உண்மை, காத்திருக்க வேண்டிய அந்த அரை நிமிடமும் உண்மை. இதைச் செய்துகாட்டும் விமானம் ஒன்றை நாம் யதார்த்தம் என்போம். நாம் வாங்கச் சொன்னதிலும் அந்தக் குமிழ் இருந்தது. அழகாக, விளிம்பில் சற்றுப் பெயின்ட் உரிந்து. இழுத்தால் வரும், அமுக்கினால் போகும். வேறொன்றும் நடக்காது.

கால் வேலை பற்றிச் சுருக்கமாக. முன்னால் ஒற்றைச் சுழலி கொண்ட இவ்விமானங்கள் முழு வலுவில் ஏறும்போது இடப்பக்கம் இழுக்கும். வலது காலால் சுக்கானைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இழுக்காத விமானம் நல்ல விமானம் அன்று. மென்பொருளே நமக்காகக் காலை ஆட்டிவிடும் வசதி சிலவற்றில் தொடக்கத்திலேயே இயக்கத்தில் இருக்கும். முதலில் அதை அணைத்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்ல வேண்டும். நாமே இரண்டு விமானங்களை இப்படி அவசரப்பட்டு ஏசியிருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டியது நினைவு. நேற்று எஞ்சினைச் சூடேற விட்டால் இன்று அதன் ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். விளக்கை அணைக்க மறந்தால் காலையில் பாட்டரி செத்திருக்க வேண்டும். தடாலென்று இறங்கினால் டயர் அதை மறக்கக்கூடாது. இதை ஒரு சமயம்போல் பின்பற்றுகிறவர்கள் ஏ2ஏ சிமுலேஷன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தார். 2023-இல் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு அவர்கள் கொண்டுவந்த பைப்பர் கோமாஞ்சி 250, தங்களிடமே இருந்த மெய்யான ஒரு கோமாஞ்சியை ஓட்டியும் அளந்தும் செய்தது. ஏறுவதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து, எரிபொருளில் நீர் கலந்திருக்கிறதா என்று வடித்துப் பார்த்து, எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். பார்க்காமலும் போகலாம். அதற்குரியது நடக்கும். அவ்விமானத்தில் நாம் முதல் பத்து மணி நேரம் பறந்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மென்பொருளை மெதுவாகக் கையாண்டோம். வசதியுள்ளவர்கள் கேட்டால் நாம் தயங்காமல் சொல்லும் விமானம் இது. புதிதாகப் பழகுகிறவருக்கு 250 குதிரைத்திறனும் உள்ளிழுக்கும் சக்கரமும் சற்று அதிகம்தான். எக்ஸ்-பிளேன் வைத்திருப்பவர்கள், அதன் செஸ்னா 172-க்கு சிம்கோடர்ஸ் நிறுவனத்தார் செய்த விரிவாக்கத்தைப் பார்க்கலாம்; அதுவும் நினைவுள்ள எஞ்சின்தான்.

ஆனால் நம் மாணவருக்கு இவற்றைச் சொல்லிப் பயனில்லை. கணினி பழையது. பணம் போய்விட்டது. போன பணம் திரும்பாது என்பது இவ்வகை வணிகத்தின் பொது விதி.

விடை நம் கண்ணெதிரே பல ஆண்டுகளாக இருந்தது. நாம்தான் அதைப் படம் சரியில்லை என்று ஒதுக்கியிருந்தோம். ஃபிளைட்கியர். 1990-களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வலர்கள் கூடிச் செய்துவரும் இலவச சிமுலேட்டர். மூல நிரலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். நம் நாட்டார் பாடல்கள்போல் பலர் கைபட்டு வளர்ந்தது. அதனோடு வரும் செஸ்னா 172பி விமானத்தை நாம் மீண்டும் எடுத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. தேர்வுப் பட்டியலில் சிலவற்றை இயக்கிவிட்டால், கார்புரேட்டரில் ஐஸ் கட்டுகிறது, எண்ணெய் குறைகிறது, எரிபொருளில் நீர் கலந்திருக்கக்கூடும், வடித்துப் பார்க்க வேண்டும். விமானத்தைத் தரையில் கட்டிவைத்த கயிற்றை அவிழ்க்காமல் புறப்பட்டால் கட்டியபடியே நிற்கிறது. மோதினால் இறக்கை ஒடிகிறது. விலை சுழியம். மைக்ரோசாஃப்டின் ராட்சத நிலப்படத்தோடு ஒப்பிட்டால் இதன் எடை ஒன்றுமில்லை. மாணவரின் பழைய கணினி முனகாமல் ஓட்டுகிறது.

நண்பர் ஒருவர், இவரும் தமிழாசிரியர்தான், நம்மோடு கடுமையாக வாதிட்டார். அவர் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. "இரவெல்லாம் யார்டில் நின்றுவிட்டு வருகிற பையனுக்கு எஞ்சின் கோளாறையா பரிசளிப்பீர்கள்? தன் ஊரை மேலிருந்து ஒரு முறை பார்க்க வேண்டும் என்றுதானே அவன் வாங்கினான்? பளபளப்பு என்றால் உங்களுக்கு ஏன் இவ்வளவு இளக்காரம்?" இதில் உண்மை இருக்கிறது. ஃபிளைட்கியரின் நிலம் நம் பகுதியில் மிக ஏழ்மையானது. கரை இருக்கிறது, ஆறு ஏறக்குறைய இருக்கிறது. சடையங்குப்பம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சைத் தரை. அந்த இன்னொரு சிமுலேட்டரிலோ கொசஸ்தலையாறு வளைவது தெரிகிறது, உப்பங்கழி தெரிகிறது, அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம் வெளிறிய திடலாகத் தெரிகிறது.

தெரிகிறது, சரி. செயற்கைக்கோள் படத்தின்மேல் கணினி தானாக நட்டுவைத்த வீடுகள் அவை. மாணவர் முதல் நாளே தன் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். அவ்விடத்தில் சரிந்த சிவப்புக் கூரையும் முன்னால் புல்தரையுமாக ஒரு வீடு நின்றிருந்தது. எந்தச் சீமையின் வீடோ! "நல்லா இருந்துச்சு ஐயா, ஆனா எங்க வீடு இல்ல" என்றார். சாம்பல் குளம் மேலிருந்து பார்க்க ஓவியம்போல் இருந்தது என்றும் சொன்னார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழியெங்கும் படர்ந்தபோது படகுகளும் வலைகளும் கறுத்துக்கிடந்ததை நேரில் பார்த்தவர் அவர். அந்தத் திரையில் கழி என்றைக்கும் நீலமாக இருக்கிறது. பச்சைத் தரையாகவாவது விட்டிருக்கிற சிமுலேட்டர் குறைந்தபட்சம் பொய் சொல்லவில்லை என்று நாம் நண்பரிடம் சொன்னோம். அவர் ஒப்பவில்லை. நாமும் முழுக்க ஒப்பிவிட்டதாகச் சொல்ல முடியாது. தன் ஊரை மேலிருந்து பார்க்கும் ஆசை எளிய ஆசை அன்று.

இன்னொன்றையும் பேசிவிட வேண்டும். இந்தப் பயிற்சி ஒருவரை விமானியாக்கும் என்று நாம் அவருக்குச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் மெய்யாகப் பறந்திருக்க வேண்டும். அதற்கான செலவு பல பத்து இலட்சங்கள். வீட்டுக் கணினியில் பறந்த ஒரு நிமிடமும் அந்தக் கணக்கில் ஏறாது. இது தெரிந்தேதான் அவர் பறக்கிறார். நாவல் படிப்பவர் நாவலாசிரியர் ஆவதற்காகவா படிக்கிறார்? ஆனால் கனவை விற்கும் விளம்பரங்கள் நிறைந்த இடத்தில் இதைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது.

நமக்கும் ஓர் ஆசை உண்டு. பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா-3 என்ற இரண்டு இருக்கை விமானத்தை ஓசூரில் தனேஜா நிறுவனத்தார் கட்டினார்கள். அதன் புதிய தலைமுறை 2022-இல் கடல்மட்டத்தில் எப்படிப் பறக்கிறது என்று சோதிக்கப் புதுச்சேரிக்குப் பறந்து வந்தது. நம் வெயிலையும் நம் கடற்காற்றையும் தெரிந்த விமானம். அதன் அட்டவணைகளை வைத்துக்கொண்டு யாராவது பொறுமையாக, ரிவெட்டுகளைக் கடைசிக்கு விட்டுவிட்டு, எஞ்சினிலிருந்து தொடங்கிச் செய்தால், வரிசையில் முதலில் நிற்பவர் நாமாக இருப்போம்.

சென்ற மார்கழியில் மீண்டும் ஒரு நாள் மாலை சடையங்குப்பம் போயிருந்தோம். மாணவர் மீனம்பாக்கத்திலிருந்து எழும்பி வடக்கே வந்துகொண்டிருந்தார். நிஜத்தில் அனுமதியின்றித் துறைமுகத்தின் மேலும் சுத்திகரிப்பு ஆலையின் மேலும் இப்படி உலாத்த முடியாது, கணினியில் தடையில்லை. நமக்கு இரண்டு பேருந்தும் ஒரு ஆட்டோவும் ஆன தூரம் அவருக்குப் பத்து நிமிடம். வெளியே 24 டிகிரி என்றும், மழைக்கால ஈரம் என்றும் அவரே வைத்திருந்தார். தன் வீடு இருக்க வேண்டிய பச்சைத் தரைக்கு மேல் வட்டமிட்டு, இறங்கிப் பார்க்கத் திராட்டிலைக் குறைத்தார். சற்று நேரத்தில் சுற்றுமானியின் முள் தானாகக் கீழே நழுவியது. எஞ்சின் கமறத் தொடங்கியது. அவர் குமிழை இழுத்தார். முள் இன்னும் இறங்கியது. கையை எடுக்காமல் நின்றார்.

ஓசை மாறியதைக் கேட்டு அடுப்படியிலிருந்து அவருடைய அம்மா எட்டிப்பார்த்தார். "என்னடா, கெட்டுப் போச்சா?"

"இல்லம்மா. உள்ள ஐஸ் கட்டிக்கிச்சு."

"ஐஸா?" என்று கேட்டவர், முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வந்த கையோடு மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவைத்துவிட்டுப் போனார்.